மேல்வீட்டுக் குளியல்

எனக்குக் கோபம் வந்தால் ஹிந்தி வராது. புனேயில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய பிறகும் இதுதான் நிலைமை. காய்கறிக்காரரிடம் பேரம் பேசவும் ரிக்‌ஷாக்காரரிடம் மீட்டர் போடச் சொல்லவும் தட்டுத் தடுமாறி வந்துவிடும். கோபம் வந்தாலோ, முதல் வாக்கியம் ஹிந்தியில் தொடங்கும், இரண்டாவது மதுரைக்குப் போய்விடும். அதனால் நான் யாரைத் திட்டினாலும் அவர்களுக்குப் பாதிதான் விளங்கும். ஒரே ஒரு தடவை, ஒருவருக்கு முழுவதும் விளங்கிவிட்டது. எங்கள் முதல் சொந்த வீட்டைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் தாபோடியில், ஆற்றுக்குப் பக்கத்தில், தரைத்தள வாடகை வீடு ஒன்றில் இருந்தோம். கணவருக்கு கட்கிப் பக்கம் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். மகளுக்கு ஏழு வயது. மழை பிடித்துவிட்டால் அந்த வீட்டுச் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிப்போகும். பீரோவை நகர்த்தினால் பின்னால் பச்சைப் பூஞ்சை. துடைக்கத் துடைக்க வரும். அந்த நாலு மாதமும் மகளுக்கு மூச்சு இழுக்கும். தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சு வாங்குவாள். டாக்டர் மூன்று வருஷம் மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தார். கடைசியில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மருந்து தருவது பெரிய விஷயமில்லை, ஆனால் இன்னொரு மழைக்காலம் இந்தக் குழந்தையை அந்த வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்றார்.

அப்படித்தான் வீடு வாங்கக் கிளம்பினோம். மற்றவர்கள் பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பார்கள். நான் போன இடத்திலெல்லாம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தரகர் எனக்கு 'சுவர் மேடம்' என்று பெயர் வைத்திருந்ததாகப் பின்னால் தெரிந்தது. வைத்துவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, காய்ந்த சுவர்.

மாசி மாதம் விஷ்ராந்த்வாடியில் ஒரு ஃப்ளாட் அமைந்தது. இரண்டாவது மாடி. மேலே இன்னும் ஒரே ஒரு மாடி. விற்பவர் சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மராட்டிக்காரர். நாசிக்கில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். நல்ல மரியாதை. டீ கொடுத்தார். நான் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன. மகளின் கட்டில் போடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்த சின்ன அறையில் ஒரு சுவர் மட்டும் புதிதாக வெளிர் மஞ்சள் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. விட்டுப் போகிற வீட்டுக்குக்கூட பெயின்ட் அடிக்கிறாரே, என்ன மனுஷர் என்று நினைத்தேன். வகுப்பில் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்? எப்படி வந்துச்சு?" என்று பிள்ளைகளின் உயிரை எடுப்பவள் நான். நாலு சுவரில் ஒன்றுக்கு மட்டும் ஏன் பெயின்ட் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

முன்பணம் கொடுத்தோம். வங்கிக் கடன் காகிதங்கள் ஒரு மேஜையில் இருந்து அடுத்த மேஜைக்குப் போக மாதக்கணக்கானது. அதற்குள் ஆனி பிறந்துவிட்டது. மதுரையில் இருந்து மாமியார் வாரத்துக்கு இரண்டு போன் போட்டார்.

"ஆடி பொறந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது, சொல்லிட்டேன். அப்புறம் ஆவணிதான். அதுக்கு முன்னாடி பாலைக் காச்சிப்புட்டு உள்ள போயிருங்க."

ஆவணி வரை காத்திருந்தால் புனேயில் மழைக்காலம் முக்கால்வாசி முடிந்துவிடும். அதுவரை குழந்தை ஆற்றங்கரை வீட்டில் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும். கணவர் தயங்கித் தயங்கி விற்பவரிடம் போய், பத்திரம் பிறகு பதிந்துகொள்ளலாம், சாவி மட்டும் முன்னால் கிடைக்குமா என்று கேட்டார். அந்த மனிதர் மறுபேச்சு இல்லாமல் கொடுத்துவிட்டார். பத்திரப்பதிவு முடியும்வரை பக்கத்துத் தெருவில் தங்கை வீட்டில் இருந்துகொள்வதாகச் சொன்னார். அவ்வளவு தங்கமான ஆள் என்று அன்று முழுக்கப் புகழ்ந்தோம்.

எழுதி வாங்காத வீட்டில் பால் காய்ச்சினோம். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. ஆனால் எங்கள் ஆட்களுக்குப் பத்திரம் என்பது சர்க்காருக்காக. பால் பொங்கினால் வீடு நம்முடையது, அவ்வளவுதான். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் வந்தார்கள். வெண்பொங்கல், கேசரி. விற்பவரும் வந்தார். பால் கிழக்கே வழிந்தபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கேசரி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். தாபோடி வீட்டைக் காலி செய்தோம். ஒரு வாரத்தில் அதற்கு வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள்.

பத்து நாள் ஆகியிருக்கும். மகளின் கட்டிலுக்கு மேலே, அந்த மஞ்சள் சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்பு. மறுநாள் முறம் அளவு. அதற்கு மறுநாள் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டேன், சொதசொதவென்று உள்ளே போயிற்று. வெளியே மழைதான், ஆனால் அது வெளிச்சுவர் இல்லையே. அந்த மூலைக்கு நேர் மேலே மூன்றாவது மாடிக் குளியலறை. காலையில் மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும், அரை மணியில் இங்கே கசியும். அந்த வார முடிவில் மகள் இருமத் தொடங்கினாள். தாபோடியில் இருமிய அதே இருமல்.

விற்பவரை வரவழைத்தோம். சுவரைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. அதைக் கண்டதுமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அந்த மேல் வீட்டு அம்மா கொஞ்சம் அஜாக்கிரதை, மேடம். நாலு மாசமா ஊர்ல இல்ல. பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்தாங்க. இப்பதான் வந்தாங்க" என்றார் ஹிந்தியில்.

"ஓ! அவங்க இல்லாத நாலு மாசத்துல சுவர் காஞ்சிருச்சு, நீங்க பெயின்ட் அடிச்சு வித்துட்டீங்க."

எங்களுக்கு இந்த வீடு வேண்டாம், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். கிண்டலாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"பால் காய்ச்சிட்டீங்களே சார். என் ஆபீஸ்ல மதராஸ் ஆளுங்க நிறைய பேர். பால் காய்ச்சின வீட்டை நீங்க விட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

என் கணவர் தரையைப் பார்த்தார். அந்த ஆள் போன பிறகு வீட்டில் பெரிய சண்டை.

"பால் காச்சியாச்சே. விட்டுட்டுப் போனா நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றார் இவர்.

"அந்த நாலு பேரா வந்து பிள்ளைக்கு நெஞ்சைத் தடவி விடப்போறாங்க?"

"சரி, எங்க போறது? பழைய வீட்ல ஆள் வந்தாச்சு."

வழி தெரியாதபோதுதான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறும். விறுவிறுவென்று மாடி ஏறி மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு. கையெல்லாம் கோதுமை மாவு. தனியாக இருக்கிறார், நாலு வீட்டுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். அதெல்லாம் அப்போது நினைவில் இல்லை. ஹிந்தியில் ஆரம்பித்தேன். மூச்சு விடுவதற்குள் தமிழுக்கு வந்துவிட்டேன். "நீங்க ஊத்துற தண்ணி என் பிள்ளை நெஞ்சுக்குள்ள இறங்குது! அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன்!" என்று கத்தினேன். கீழே கைகாட்டினேன், நெஞ்சைக் காட்டினேன், இருமிக் காட்டினேன். அவருக்கு ஒரு சொல் விடாமல் விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது. "சரி, தாயி" என்றார் மராட்டியில். அங்கே தாயி என்றால் அக்கா. சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாளில் இருந்து சுவர் காயத் தொடங்கியது. கருப்பு ஓரத்தில் இருந்து சுருங்கிக்கொண்டே போனது. ஒரு வாரத்தில் மகளின் இருமல் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா? நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு வார்த்தை கேட்டா எல்லாம் சரியாப் போகுது. நீங்களும் இருக்கீங்களே, வாயில கொழுக்கட்டையோட" என்று கணவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவரும் நிம்மதியாகப் பதிவுத் தேதி கேட்கப் போனார். தண்ணீர் எங்கே போயிற்று என்று இந்தத் தடவையும் நான் கேட்கவில்லை. கணக்கு டீச்சர்!

மகள்தான் சொன்னாள். பள்ளியில் இருந்து வந்ததும் சூடான சப்பாத்தி வாசனைக்கு அவள் மேல்வீட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தாள். மராட்டி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்தான் நொண்டும். அந்த அம்மாவைக் காகூ, அதாவது சித்தி, என்று கூப்பிடுவாள்.

"அம்மா, காகூ பாத்ரூம்ல அங்கோள் பண்றதே இல்ல. டிரை பால்கனில புடவை கட்டி, அங்க உக்காந்து பண்றாங்க." அங்கோள் என்றால் குளியல்.

டிரை பால்கனி என்பது இங்கே சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடம். பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் கட்டுவார்கள். பாதிச் சுவர், மீதி கம்பி. எதிர்க் கட்டடத்து ஜன்னல்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் இருக்கும். மறுநாள் விடிகிற நேரத்தில் எங்கள் டிரை பால்கனியில் நின்று தலையை நீட்டி மேலே பார்த்தேன். கம்பியில் நனைந்த புடவை ஒன்று கட்டியிருந்தது. சாரல் நேராக அதற்குள் அடித்துக்கொண்டிருந்தது. சொம்பு பக்கெட்டில் இடிக்கும் சத்தம். ஒரு சொம்பு, சற்று நிறுத்தம், இன்னொரு சொம்பு. குளிரில் பல் கிட்டித்தவர் குளிக்கிற குளியல்.

நான் கத்தியதை நினைக்க நினைக்க, எதற்காவது அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மேலே போனேன்.

ஈரத் தலையோடு கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "மறுபடி தண்ணி வந்துச்சா? நான் தொடவே இல்ல தாயி, வந்து பாருங்க" என்று மராட்டியில் சொல்லிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். குளியலறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. கக்கூஸ் தனி, அதற்குப் பக்கத்துக் கதவு. இதற்கு மட்டும் ஒரு துருப்பிடித்த பூட்டு. மறதியாகக்கூடப் போய்விடக் கூடாது என்று போட்டிருக்கிறார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். மாவு வாசனை அடித்தது. அவர் கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. கிடைத்த பணத்தில் இந்த வீட்டை வாங்கினார், இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். குளியலறையைச் சரி செய்ய காகூ இரண்டு தடவை பணம் சேர்த்தாராம், இரண்டு தடவையும் மகளுக்காகச் செலவாகிவிட்டது. இதையெல்லாம் யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க கத்தினதுக்காகப் பூட்டல. உங்க குழந்தை இருமுறது இங்க கேட்டுச்சு. அதுக்கப்புறம் எப்படித் தண்ணி ஊத்துறது?" என்றார்.

அன்று மாலை கணவர் கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் தரையைத் தட்டிப் பார்த்தார், குழாயைச் சுரண்டினார், உதட்டைப் பிதுக்கினார். ஓட்டை அடைக்கிற வேலை இல்லை. மேல்வீட்டுக் குளியலறைத் தரை முழுவதையும் உடைக்க வேண்டும். இற்றுப்போன இரும்புக் குழாயை மாற்ற வேண்டும். உடைத்த செங்கலும் சிமெண்டும் சேர்த்துக் 'கோபா' போட வேண்டும், அதுதான் தண்ணீரைக் கீழே விடாது. எங்கள் சுவரையும் கொத்திப் புதிதாகப் பூச வேண்டும். எல்லாம் சேர்த்து என் நாலு மாதச் சம்பளம். கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டி செயலாளரிடம் போனோம். மேல்வீடு பாதி, கீழ்வீடு பாதி, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார்.

"அந்தம்மாகிட்டப் போய் பாதியைக் கேப்பியா?" என்றார் கணவர்.

"அந்தப் பூட்டைப் பாத்துட்டு எந்த வாயால கேக்குறது?"

இரண்டு பேரும் விற்பவரின் தங்கை வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை நான் கத்தவில்லை. வீட்டை வாங்கிக்கொள்கிறோம் என்றேன். பிறகு, மேல்வீட்டு அம்மா மழைச் சாரலில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து குளிப்பதையும், குளியலறைக் கதவில் துருப்பிடித்த பூட்டுத் தொங்குவதையும் சொன்னேன். எந்த ஹிந்தியில் சொன்னேனோ, ஒரு வார்த்தையும் தடுக்கவில்லை. தங்கை டீ கொண்டுவந்து வைத்தார். விற்பவர் அதைத் தொடவில்லை.

"அந்தப் பூட்டு என்னோடது" என்றார். "ஆறு வருஷம் அவங்களோட சண்டை. ஒரு நாள் கோவத்துல, இதைப் போட்டுப் பூட்டிக்கன்னு வாசல்ல விட்டெறிஞ்சேன். அதையே வச்சிருக்காங்களா?"

அவர் கண் கலங்கிப்போயிருந்தது. சண்டை போட முடியாமல்தான் பெயின்ட் அடித்தேன் என்று அவர் சொன்னதை நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். நாங்கள் தர வேண்டிய தொகையில் ரிப்பேர் செலவில் பாதியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மீதிப் பாதி எங்களுடையது. சமையலறையில் அலமாரி அடிக்க வைத்திருந்த பணம் அதற்குப் போயிற்று. மூன்று வருஷம் என் பாத்திரங்கள் அட்டைப்பெட்டியில்தான் கிடந்தன. நான் ஒன்றும் மகாத்மா இல்லை. குனிந்து வாணலியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் விற்றவரையும், சொசைட்டியையும், பஞ்சாங்கத்தையும் சேர்த்து வைத்துத் திட்டியிருக்கிறேன்.

வேலை எட்டு நாள் நடந்தது. அந்த எட்டு நாளும் காகூ எங்கள் குளியலறையில் குளித்தார். குளித்து முடித்ததும் தரையைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் வெளியே வருவார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கோபா காய்ந்ததும் கொத்தனார் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, தரை நிறையத் தண்ணீர் கட்டி, அதன் விளிம்பில் கரியால் கோடு போட்டார். முழுதாக ஒரு நாள் கழித்தும் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது. எங்கள் சுவரைப் பூசிக் கொடுத்தார்கள். பத்திரம் பதிந்தது நட்டநடு ஆடியில். மாமியாரிடம் அதைச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் போனது. புதுப் பூச்சுச் சுவர் வெளுத்து நன்றாகக் காய்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு தடவை ஏமாந்தவள் நான்.

"பாப்பா, காகூ இப்ப எங்க குளிக்கிறாங்க?"

"டிரை பால்கனிலதான்" என்றாள் மகள்.

மேலே ஓடினேன். புத்தம்புதுக் குளியலறை, கதவில் அதே பூட்டு. காகூ தலையைக் குனிந்துகொண்டார். "பயமா இருக்கு தாயி. மறுபடி கீழ எறங்கிருச்சுன்னா?"

"இன்னைக்கு உள்ள குளிங்க. நான் கீழ சுவத்துல கைய வச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றேன். அவரே சாவியை எடுத்துத் திறந்தார்.

எங்கள் குளியலறையும் அவருடையதும் ஒரே காற்றுக்குழியைப் பார்த்தவை. ஜன்னல் வழியாகக் கத்தினால் கேட்கும். மகளை அங்கே ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினேன். நான் அறையில் போய்ச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டேன். மேலே ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தது.

"ஆல கா?" என்றது மேலிருந்து குரல். வந்ததா?

இல்லை என்று கதவு வழியாக மகளுக்குத் தலையை ஆட்டினேன். "நாஹி ஆல!" என்று மகள் மேல்நோக்கிக் கத்தினாள். வரவில்லை.

இரண்டாவது சொம்பு. "ஆல கா?" "நாஹி ஆல, காகூ!" மூன்றாவது. நாலாவது. ஒவ்வொரு சொம்புக்கும் அவர் நிறுத்திக் கேட்டார், ஒவ்வொரு தடவையும் இவள் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. சுவரில் கை இருந்ததே தவிர, என் காதெல்லாம் அவள் குரலில்தான் இருந்தது. இப்போது இழுக்கும், இப்போது இருமுவாள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அவள் இருமவில்லை. குதித்துக் குதித்துச் சிரித்துக்கொண்டே கத்தினாள். ஆடி மாதம், வெளியே மழை பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது, என் பிள்ளை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மூன்றாவது மாடிக்குக் கத்துகிறாள்.

பிறகு பக்கெட்டைத் தூக்கி மொத்தமாகக் கவிழ்த்த சத்தம் கேட்டது. மகள் பதில் சொல்ல வாயைத் திறந்துகொண்டு நின்றாள். மேலே குழாயைத் திறந்து மறுபடி பக்கெட்டை நிரப்பும் சத்தம் வந்தது. இந்தத் தடவை காகூ கேட்கவில்லை.